விஷத்திற்கு ஒரு பிரமாணம்

ஒரு மருந்துத் தொழிற்சாலை தனக்கு வேண்டிய மூலப்பொருளை விலைக்கு வாங்கும்போது, அப்பொருள் இன்னதுதானா, எவ்வளவு தூய்மையானது, எங்கிருந்து வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்ற பின்னரே அதைக் கலத்தில் இடுவது உலகெங்கும் வழக்கமாக இருக்க, பாம்புக்கடிக்கு நம்மிடம் உள்ள ஒரே மருந்தான விஷமுறிவுச் சீரத்தின் மூலப்பொருளாகிய பாம்பு விஷத்தைப் பொறுத்தவரை, முதல் கேள்விக்குத் தெளிவான விடையும் இரண்டாவதற்கு அரைகுறையான விடையும் கிடைக்க, மூன்றாவது கேள்வி நெடுங்காலம் கேட்கப்படாமலே இருந்து வந்திருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்தனர் என்று மரணக் காரணங்களை ஆராய்ந்தவர்கள் 2020-ல் மதிப்பிட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். பாதி மரணங்கள் மழைக்காலத்து மாதங்களில், வயலிலும் வரப்பிலும் வேலை மும்முரமாக இருக்கும் பருவத்தில் நேர்ந்தவை. இத்தனை உயிர்கள் ஒரு மருந்தை நம்பியிருக்கையில், அம்மருந்து எந்த விஷத்திலிருந்து பிறக்கிறதோ அந்த விஷத்தின் யோக்கியதையை விசாரிப்பது நிபுணர்களுக்கு மட்டும் உரிய நுட்ப விவகாரம் அன்று.

சீரம் செய்யும் முறையின் சாரம் எளியது. உலர்த்திய விஷத்தை மிகச் சிறு அளவில் கரைத்துக் குதிரைக்கு ஊசி மூலம் ஏற்றி, நாளாக நாளாக அளவைக் கூட்டி வர, குதிரையின் உடல் அவ்விஷத்தின் ஒவ்வொரு புரதத்தையும் எதிர்க்கும் பொருள்களைத் தன் ரத்தத்தில் உண்டாக்குகிறது; அந்த ரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிச் செலுத்திவிட்டு, எஞ்சிய நீரிலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்துச் சுத்தம் செய்து, உறைய வைத்து உலர்த்திக் குப்பியில் அடைக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குதிரைக்கு எந்த விஷம் காட்டப்பட்டதோ அதற்குத்தான் எதிர்ப்பு உண்டாகும். காட்டப்படாத நச்சுப் புரதம் எதுவோ அதற்கு எதிர்ப்பு உண்டாகாது, உண்டானாலும் அற்பமாகவே இருக்கும். ஆகவே விஷத்தில் நேர்ந்த குறை எதையும் பின்னால் வரும் எந்தச் சுத்திகரிப்பாலும் நிவர்த்தி செய்ய இயலாது.

இந்த உண்மை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அதுவும் இந்திய மண்ணிலேயே நிலைநாட்டப்பட்டுவிட்டது என்பது நினைவில் இருக்க வேண்டிய சங்கதி. பாஸ்டரின் வழிவந்த பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட், சைகோனில் தாம் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக 1895 வாக்கில் உலகின் முதல் விஷமுறிவுச் சீரத்தை ஆக்கியபோது, நாகத்தின் விஷத்தைக் கொண்டு செய்த அச்சீரம் எல்லாப் பாம்புகளின் விஷத்தையும் முறிக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையோடு அது இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பவும் பட்டது. ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டினும், பிரேசிலில் வைட்டல் பிரேசிலும், இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்ற ராணுவ மருத்துவரும் தனித்தனியே பரிசோதித்து, ஓரினத்தின் விஷத்தால் ஆன சீரம் வேறோர் இனத்தின் விஷத்தின் முன் செயலற்று நிற்கிறது என்று காட்டினார்கள். நாகத்திற்கென்று ஆன சீரம் கண்ணாடி விரியனிடம் பயனற்றது என்பது லாம்ப் கண்ட முடிவு. அன்று இனத்திற்கு இனம் பார்த்த அந்த வித்தியாசம், ஒரே இனத்துக்குள் பிரதேசத்திற்குப் பிரதேசமும் உண்டு என்பதை முழுமையாக ஏற்றுக்கொள்ள நமக்கு இன்னொரு நூறாண்டு பிடித்தது. அந்தத் தாமதமே இக்கட்டுரை பேச வந்த குறையின் வேர்.

இந்தியாவில் சீரம் செய்வதற்கு நான்கு பாம்புகளின் விஷம் பயன்படுகிறது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்நான்கின் விஷத்தில் மிகப் பெரும் பகுதியை நாட்டின் மருந்து நிறுவனங்களுக்குக் கொடுத்து வருவது மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். பாம்புத் தோலுக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்த இருளர் குடும்பங்கள், 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வியாபாரத்தை நிறுத்தியபோது வாழ்வாதாரம் இழந்து நிற்க, அவர்களுடைய அபாரமான வித்தையைக் கொல்லாமல் பயன்படுத்தும் வழி ஒன்றை ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பியல் அறிஞர் அவர்களோடு சேர்ந்து கண்டதன் விளைவாக 1978-ல் இச்சங்கம் உருவாயிற்று. வெட்டிய வரப்பின் ஓரத்தில் மணலில் பதிந்த கோட்டையும், வளை வாயில் கிடக்கும் சட்டையையும், எச்சத்தையும் பார்த்த மாத்திரத்தில் உள்ளே இருப்பது இன்ன பாம்பு, இத்தனை நேரத்திற்கு முன் நுழைந்தது என்று சொல்லும் அவர்கள் அறிவு எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காதது. அந்த அறிவுக்கு மரியாதையாகவே வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சங்கத்தின் நடைமுறை உலகில் அதிகம் காணப்படாதது. பிடித்து வந்த பாம்பை, அடியில் மணலிட்டு வாயைத் துணியால் கட்டிய மண்பானையில் வைத்துக் காத்து, வாரத்திற்கு ஒருமுறையாக மூன்று நான்கு வாரங்களில் சுமார் நான்கு முறை விஷம் எடுத்து, பின் வயிற்றுச் செதில்களில் சிறு வெட்டு அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மீண்டும் அதே பாம்பு அகப்பட்டால், அடையாளம் மறையும் முன்பு அதனிடம் விஷம் எடுக்கக் கூடாது என்பது நியமம்.

இம்முறையின் நன்மைகளை முதலில் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தர நியமங்களை எழுதுவோர் பலர், கண்ணாடிக் கூண்டுகளும் குளிர்சாதன அறைகளும் கொண்ட பெரிய பாம்புப் பண்ணையே விஷத் தயாரிப்பின் இலட்சிய வடிவம் என்று எண்ணி, பானையைக் கண்ட மாத்திரத்தில் அதைப் பழமையென்று தள்ளிவிடுகிறார்கள். நெடுங்காலம் கூண்டில் அடைபட்ட பாம்பு இரை உண்ண மறுப்பதும், வாய்ப்புண்ணும் பூச்சியும் பற்றி நலிவதும், ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு நோய் தொற்றி முழுப் பண்ணையே பாழாவதும் விஷப் பண்ணைகளை நடத்தினோர் நன்கறிந்த துன்பங்கள்; நலிந்த பாம்பின் விஷம் அளவில் குறைவதோடு அமைப்பிலும் மாறக்கூடும். இருளர் முறையில் பாம்பு சில வாரங்களே மனிதர் கையில் இருப்பதால், அதன் விஷம் வயலில் உழவனைக் கடித்த பாம்பின் விஷத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் புதுப்புதுப் பாம்புகள் வருவதால், ஒரு சில தாய்ப் பாம்புகளின் வழித்தோன்றல்களிடமிருந்தே தலைமுறை தலைமுறையாக விஷம் எடுக்கும் குறுகல் இதில் நேராது. பல தனிப் பாம்புகளின் விஷம் கலந்த கலவையே நல்ல கலவை என்ற விதிக்கு இம்முறை இயல்பாகவே இணங்குகிறது. கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் ஒருமுறைக்குச் சில மில்லிகிராம் அளவே உலர் விஷம் தருவன; ஒரு கிராம் சேர்க்கப் பல நூறு முறை எடுக்க வேண்டியிருக்கும் இவ்விரண்டின் விஷத்தை நாடு முழுவதற்கும் போதுமான அளவில் கூண்டு வளர்ப்பால் மட்டும் பெறுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். இவற்றுக்கெல்லாம் மேலாக, காட்டையும் வயலையும் அறிந்த ஒரு சமூகத்தின் கண்ணியமான ஜீவனம் இதில் அடங்கியிருக்கிறது. தரம் என்ற பெயரால் அதை இல்லாமற் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆயினும் குறைகள் உண்டு. அவை சிறியன அல்ல.

உலக சுகாதார நிறுவனம் விஷமுறிவுச் சீரங்களின் தயாரிப்பையும் கட்டுப்பாட்டையும் குறித்து 2010-ல் விரிவான நெறிகளை வெளியிட்டு, பின்னர் 2016-ல் அவற்றைப் புதுப்பித்தது. அதில் விஷம் எடுக்கும் கட்டத்துக்கு விதிக்கப்பட்டவற்றின் உட்கருத்து, மருந்துக் குப்பியிலிருந்து பின்னோக்கி நடந்தால் இறுதியில் குறிப்பிட்ட ஒரு பாம்பின் பானைக்கு வந்து சேர முடிய வேண்டும் என்பதே: ஒவ்வொரு பாம்புக்கும் தனி அடையாளம், அது பிடிபட்ட இடம், தேதி, இனம், ஆணா பெண்ணா என்ற குறிப்பு, எப்போதெல்லாம் விஷம் எடுக்கப்பட்டது என்ற பதிவு, மருத்துவரின் மேற்பார்வை, புதிதாக வந்ததைப் பழையவற்றோடு சேர்க்காமல் ஒதுக்கி வைத்துக் காக்கும் காலம், சட்டை உரிக்கும் பாம்பிடமும் நோயுற்றதிடமும் எடுக்காமை, எடுத்தவுடன் குளிரூட்டுதல், இயந்திரத்தில் சுழற்றி உயிரணுத் துணுக்குகளை நீக்குதல், உறைய வைத்து உலர்த்துதல், உறைநிலைக்கு வெகு கீழே இருளில் சேமித்தல், ஒவ்வொரு தொகுதியையும் முந்தியதோடு ஒப்பிட்டுப் பார்த்தல். இந்த நியமங்களை வடநெம்மேலி முறையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சில இடங்களில் இரண்டும் ஒத்துப்போகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று தொடவே இல்லை.

புதிய பாம்பை ஒதுக்கி வைத்துக் காக்க வேண்டிய காலமே, இருளர் முறையில் பாம்பு கையிருப்பில் இருக்கும் மொத்தக் காலத்தையும் விழுங்கிவிடும். செதில் வெட்டு என்பது இப்பாம்பு முன்பு ஒருமுறை வந்தது என்று சொல்லுமேயன்றி, எது எந்தப் பாம்பு என்று சொல்லாது. வாரத்திற்கு ஒருமுறை எடுப்பதும் விவாதத்துக்குரியது: விஷச் சுரப்பி காலியானபின் அதில் பல்வேறு புரதங்களும் ஒரே வேகத்தில் மீண்டும் நிரம்புவதில்லை என்பதால், குறுகிய இடைவெளியில் எடுத்த நான்காவது விஷம் முதலில் எடுத்ததை முற்றிலும் ஒத்திருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. விட்டுவிடப்பட்ட பாம்பு பிறகு உயிர் பிழைக்கிறதா, பிடிபட்ட இடத்திலேயே அது விடப்படுகிறதா என்பவை விஷத்தின் தரத்தைத் தொடாத கேள்விகள்போலத் தோன்றினாலும், பாம்புக் கூட்டம் குறையாமல் இருந்தால்தானே இம்முறையே நிலைக்கும் என்பதால் அவையும் தரத்தின் பகுதிகளே.

உலர்த்தும் கட்டத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். விஷம் என்பது ஒரு தனிப் பொருள் அன்று. பல பத்துப் புரதங்கள் சேர்ந்த கலவை. விரியன்களின் விஷத்திலோ புரதங்களையே சிதைக்கும் நொதிகள் மிகுதி. ஆகையால் எடுத்த விஷம் நீர்வடிவில் வெப்பத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அது தன்னைத் தானே சீரணித்துக்கொண்டிருக்கும். கடற்கரையோரத்துக் கோடையில் இது வேகமாகவே நடக்கும். பாம்பின் வாயிலிருக்கும் கிருமிகளும் எச்சிலும் ரத்தமும் சேர்ந்தால் சிதைவு இன்னும் தீவிரமாகும். இவ்வாறு சிதைந்த விஷம் கண்ணுக்கு நல்ல மஞ்சள் பொடியாகவே தெரியும்; அதை நிறுத்தால் எடையும் சரியாகவே இருக்கும். ஆனால் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் சிறிய நச்சுப் புரதங்கள் குதிரையின் எதிர்ப்பைத் தூண்டுவதில் இயல்பாகவே பலவீனமானவை. அவை மேலும் குன்றிய ஒரு விஷத்தைக் கொண்டு, நமக்குத் தேவையற்ற பெரும் புரதங்களுக்கு எதிராகவே குதிரை தன் சக்தியைச் செலவிடும். இதனால்தான் எடை என்னும் ஒற்றை அளவுகோலால் விஷத்தை வாங்குவதும் விற்பதும் குறையுள்ள முறை என்கிறேன். உறைய வைத்து உலர்த்தும் கருவி விஷம் எடுக்கும் இடத்திலேயே, சில நிமிஷங்களுக்குள் சேரும் தூரத்தில், பழுதின்றி இயங்க வேண்டும். மின்சாரம் தடைப்படும்போது அதற்கு மாற்று இருக்க வேண்டும். இது பெரிய ஆராய்ச்சியல்ல, பெரிய முதலீடும் அல்ல.

இவ்வளவும் சீர்செய்யப்பட்டு, ஒவ்வொரு பாம்புக்கும் எண்ணும் ஒவ்வொரு குப்பிக்கும் பதிவேடும் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பெருங்குறை எஞ்சி நிற்கும். அதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விஷத்தின் தரம் அதன் தூய்மையில் மட்டும் இல்லை. அது யாருடைய உயிரைக் காக்க வேண்டியிருக்கிறதோ அவர்களைக் கடிக்கும் பாம்பின் விஷத்துக்கு அது பிரதிநிதியாக இருக்கிறதா என்பதிலும் இருக்கிறது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் பிடிபட்ட நாகத்தின் விஷம் எத்தனை தூய்மையாக இருந்தாலும், அது பஞ்சாபின் நாகத்துக்கோ, ராஜஸ்தானத்தின் பாலை நிலத்துச் சுருட்டை விரியனுக்கோ, வங்கத்துக் கண்ணாடி விரியனுக்கோ தானாகவே பிரதிநிதியாகிவிடாது. உணவு, தட்பவெப்பம், வயது, மரபு ஆகியவற்றைப் பொறுத்து ஒரே இனத்தின் விஷம் இடத்துக்கு இடம் மாறுகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழுவினர் 2019-லும் அதன் பின்னரும் வெளியிட்ட ஆராய்ச்சிகள், இந்தியச் சந்தையில் கிடைக்கும் சீரங்கள் சில பிரதேசங்களின் விஷங்களுக்கு எதிரே எவ்வளவு தளர்ந்துபோகின்றன என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. பிடரியில் ஒற்றை வட்டக் குறியுடைய நாகம் உலவும் அஸ்ஸாமிலும் வடகிழக்கிலும் நால்வகைப் பாம்புகளின் பட்டியலே முழுமையானதல்ல; கேரளத்தின் மலைச்சரிவுகளில் தோட்டத் தொழிலாளர்களைக் கடித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியனுக்கு இந்தச் சீரத்தில் இடமே இல்லை. இந்தியச் சீரத்தையே இறக்குமதி செய்து வாழும் இலங்கையின் மருத்துவர்கள், அதே குழிவிரியனிடம் கடிபட்டவர்களைச் சீரமின்றியே கவனிக்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். மற்றக் கடிகளுக்குக் கொடுக்கும்போதும் ஒவ்வாமை மிகுதியாக நேர்வதால், சீரத்திற்கு முன்னே சிறு அளவு அட்ரினலின் தந்து காக்கும் முறையை அவர்களே பெரிய அளவில் பரிசோதித்து நிறுவினார்கள்.

குறிப்பிட்ட பாம்பின் விஷத்துக்குச் சீரம் தளர்ச்சியாக இருக்கும்போது, மருத்துவர் செய்யக்கூடியது குப்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். பத்துக் குப்பியில் தொடங்கி இருபது, முப்பது என்று ஏறும்போது செலவு ஏறுகிறது; அந்நியக் குதிரைப் புரதம் உடலில் சேரும் அளவு ஏறுகிறது; அதற்கேற்ப ஆபத்தும் ஏறுகிறது. சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தனைக் குப்பிகளும் இருப்பில் இராமையால் நோயாளியை வேறிடம் அனுப்ப, வழியிலே கரையும் நேரத்தில் விஷம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மூலப்பொருளின் குறையை ஏழை நோயாளியின் சிறுநீரகமும் நுரையீரலும் ஏற்கின்றன.

இந்தக் குறை பரிசோதனையில் ஏன் வெளிப்படவில்லை என்று கேட்பது நியாயம். இந்திய மருந்து நூலின் நியமப்படி, ஒரு மில்லிலிட்டர் சீரம் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் இவற்றின் விஷத்தில் 0.60 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் இவற்றின் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும். எலிகளுக்குக் கொடுத்து இது சரிபார்க்கப்படுகிறது; நம் சீரங்கள் தேர்ச்சியும் பெறுகின்றன. ஆனால் சரிபார்க்கும் விஷமும் குதிரைக்குக் காட்டப்பட்ட விஷமும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. மாணவன் தான் படித்த பாடத்திலிருந்து மட்டும் கேள்விகளைத் தானே எழுதித் தானே விடையளித்து முழு மதிப்பெண் பெறுவதற்கும் இதற்கும் வேறுபாடு குறைவு. மேலும் விஷத்தையும் சீரத்தையும் முன்கூட்டியே சேர்த்து வைத்து எலிக்கு ஏற்றும் இச்சோதனை, விஷம் உடலில் பரவி வெகுநேரம் கழித்தே சீரம் வந்து சேரும் மனித நிலைமையை ஒத்ததன்று. பரிசோதனை பொய் சொல்லவில்லை; அது கேட்ட கேள்வி போதவில்லை. பல பிரதேசங்களிலிருந்து திரட்டி, இன்ன அமைப்புடையது என்று ஆராய்ந்து நிலைநிறுத்திய ஒரு தேசிய மாதிரி விஷத் தொகுப்பு இருந்து, உற்பத்தியாளரின் சொந்த விஷத்தை விட்டு அதைக் கொண்டே சீரம் சோதிக்கப்பட்டால், இந்த வட்டம் உடைபடும். அத்தகைய தொகுப்பு ஒவ்வொரு நாட்டுக்கும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நெறிகளும் வற்புறுத்துகின்றன.

இதைச் செய்யத் தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், விஞ்ஞானத்தில் இல்லை. வனவிலங்குச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்க மாநிலத்தின் வனவிலங்குத் தலைமை அதிகாரி அனுமதி தரலாம் என்று தெளிவாகவே இடம் தருகிறது. ஆனால் அனுமதி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. பாம்பு பிடிக்கும் வித்தை தெரிந்த மக்கள் தங்கள் கூட்டுறவாய் இதை ஏற்று நடத்தும் வழக்கம் தமிழ்நாட்டில்தான் வேரூன்றியது. வேறிடங்களில் விஷம் எடுப்போர் அரிதாகையால், மருந்து நிறுவனங்களுக்கும் ஒரே வாசலைத் தட்டுவது வசதியாகிவிட்டது. வடநெம்மேலியின் வெற்றியே நாட்டை அதன்மேல் சாய்ந்திருக்கச் செய்தது என்பது நினைக்கையில் மனத்தை வருத்துகிறது. அந்தச் சாய்வுக்கு இருளர் பொறுப்பாளிகள் அல்லர். விட்டேக்கரே பல பிரதேசங்களின் விஷம் சேர்க்கப்பட வேண்டும் என்று வாதாடி வந்திருக்கிறார். தமிழ்நாட்டின் பாம்புப் பானைகளை மூடிவிட்டு, தலைநகரில் ஒரு பெரிய பண்ணை கட்டுவது இதற்கு மருந்தாகாது. பாங்காக்கின் சவோவபா அரசி நினைவு நிலையமும் பிரேசிலின் புட்டான்டான் நிலையமும் கூண்டுப் பாம்புகளோடு நெடுங்காலம் உழைத்து நல்ல பயன் கண்டிருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் அவை தம் தம் நாட்டுத் தேவைக்கேற்ப ஸ்தாபிதமானவை, அவற்றுக்கு அரசின் நிரந்தர ஆதரவும் உண்டு. இந்தியாவின் பரப்பும் பாம்புகளின் பன்மையும் கேட்பது வேறு: நாட்டின் நான்கைந்து விஷப் பிரதேசங்களில் ஒவ்வொன்றிலும், உள்ளூரில் பாம்பு பிடிக்கத் தெரிந்த ஜனங்களைக் கொண்டு, இருளரைப் போதகர்களாகவும் பங்காளிகளாகவும் வைத்துச் சிறிய கூட்டுறவு விஷ நிலையங்களை எழுப்புவது.

அந்நிலையங்களுக்கான பிரமாணத்தை எழுதும்போது, பானையை முற்றிலும் விலக்கும் பிரமாணமாக அது இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். பிடிபட்ட ஊரின் பெயரைப் பாம்போடு சேர்த்து எழுதுவது, பானைக்குப் பானை எண்ணிடுவது, தோலடியில் அரிசிமணி அளவுள்ள சிறு அடையாளச் சில்லு பதிப்பது, வந்தவுடன் மருத்துவர் பார்வைக்கு விடுவது, எடுக்கும் இடைவெளியை நீட்டி ஒவ்வொரு முறையின் விஷத்தையும் தனித்தனியே கூறுபடுத்தி வைப்பது: இவை ஒவ்வொன்றும் இருளர் கையில் சுலபமாக வந்து அமையக்கூடியவை, அவர்களில் எழுத்தறிந்த இளைஞர்கள் நடத்தத்தக்கவை. ஆனால் இவற்றுக்கு ஒரு விலை உண்டு. நீண்ட இடைவெளி என்றால் குறைந்த விஷம். பதிவேடு என்றால் கூடுதல் ஆள். சீரத்தின் விலையை அரசு கட்டுப்படுத்தி வைத்திருக்க, நிறுவனம் விஷத்தைக் குறைந்த விலைக்கே கேட்கும். இரு பக்கமும் இறுக்கப்பட்ட நடுவில் பாம்பு பிடிப்பவரே நின்று, தரத்தின் செலவையும் தம் கூலியிலிருந்தே தர நேரும். பதிவும் பரிசோதனையும் கூடிய விஷத்துக்கு அரசே கூடுதல் விலை கொடுத்து வாங்கி, மாதிரித் தொகுப்பில் சேர்த்த பின் உற்பத்தியாளருக்கு வழங்கும் ஏற்பாடு வந்தாலன்றி எத்தனை நியமங்கள் எழுதினாலும் அவை காகிதத்திலேயே நிற்கும். 2024-ல் மத்திய அரசு பாம்புக்கடிக்கென அறிவித்த தேசிய செயல்திட்டம், 2030-க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற உலக இலக்கையே தன் இலக்காகவும் கொண்டிருக்கிறது. அந்த இலக்கின் கணக்கில் இந்தச் செலவையும் எழுத வேண்டும்.

இவையெல்லாம் வருவதற்கு ஆண்டுகள் ஆகும் என்றாலும், நாளையே செய்யத்தக்க ஒன்று உண்டு. சீரக் குப்பியின் மேல் நான்கு பாம்புகளின் பெயர்கள் அச்சிட்டிருக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே, அந்தந்த விஷம் எந்த மாவட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது, எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்ற இரு செய்திகளையும் அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்தட்டும். அப்போது ஜோர்ஹாட்டில் கட்டிலருகே நிற்கும் மருத்துவர், தமக்கு முன்னுள்ள குப்பி செங்கற்பட்டு நாகத்துக்கு எதிராக ஆனது என்று அறிந்து, எத்தனைக் குப்பி வேண்டியிருக்கலாம், எப்போது சுவாசக் கருவியைத் தயாராக வைக்க வேண்டும் என்று தீர்மானிப்பார். அந்த மருந்தை வாங்கும் மாநிலமோ, தன் மண்ணின் விஷம் அக்குப்பியில் ஏன் இல்லை என்று தன் மக்களுக்கு விடை சொல்லியாக வேண்டிவரும்.